ஒரு நிமிடம் செத்துப் பார்க்கலாமா?

சிகாகோவில் ஒரு மருத்துவக் கல்லூரி. பராமரிப்பு வேலைக்காக மூடிக் கிடக்கும் கட்டடத்துக்குள் நள்ளிரவில் ஐந்து மாணவர்கள் கூடுகிறார்கள். நைசாகக் கிளப்பிக்கொண்டு வந்த ஈசிஜி மானிட்டர், ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர், உடம்பைக் குளிரவைக்கும் போர்வை, மயக்க மருந்து எல்லாம் தயார். நெல்சன் என்பவன் மேஜைமேல் படுத்துக்கொள்கிறான். நண்பர்கள் அவன் இதயத்தை நிறுத்த வேண்டும், ஒரு நிமிடம் அப்படியே விட வேண்டும், பிறகு உயிரை மீட்க வேண்டும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்து வந்து சொல்வது அவன் பொறுப்பு. இத்தனை காலம் சாமியார்களும் தத்துவவாதிகளும் பார்த்துவந்த வேலையை இனி டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவன் நினைப்பு. கூடவே, தன் பெயர் பாடப்புத்தகத்தில் வரும் என்ற நப்பாசையும் உண்டு.

1990 ஆகஸ்ட்டில் வெளியான 'ஃபிளாட்லைனர்ஸ்' படம் இந்தச் சோதனையில்தான் சூடுபிடிக்கிறது. பீட்டர் ஃபிலார்டி எழுத, ஜோயல் ஷூமாக்கர் இயக்கினார். நெல்சனாக கீஃபர் சதர்லேண்ட். நண்பர்களாக ஜூலியா ராபர்ட்ஸ் (ரேச்சல்), கெவின் பேகன் (டேவிட்), வில்லியம் பால்ட்வின் (ஜோ), ஆலிவர் பிளாட். அந்த ஆண்டு ஹாலிவுட்டுக்குச் சாவின் மேல் என்ன மோகமோ தெரியவில்லை. ஜூலையில் 'கோஸ்ட்', ஆகஸ்ட்டில் இது, நவம்பரில் 'ஜேக்கப்ஸ் லேடர்'. மூன்றில் 'கோஸ்ட்' காதலர்களுக்கானது, 'ஜேக்கப்ஸ் லேடர்' போர் தின்ற மனதைப் பற்றியது. 'ஃபிளாட்லைனர்ஸ்' கேட்ட கேள்வி வேறு: செத்துப் பிழைத்தவன் திரும்பி வரும்போது கூடவே எதைக் கூட்டிக்கொண்டு வருகிறான்?

நெல்சன் கண் விழிக்கிறான். அடுத்தடுத்த நாட்களில் நண்பர்களுக்குள் போட்டியே நடக்கிறது. யார் அதிக நேரம் செத்துக் கிடக்கத் தயாரோ அவருக்கே அடுத்த முறை என்று ஏலம் விடுகிறார்கள். வேடிக்கையாகத் தொடங்கிக் குமட்டலில் முடியும் காட்சி அது. ஒளிப்பதிவு யான் டி பான்ட், பின்னாளில் 'ஸ்பீட்' எடுத்தவர். நீலமும் சிவப்பும் வழியும் வெளிச்சத்தில் அவர் மருத்துவக் கல்லூரியைப் பாழடைந்த தேவாலயம் போல ஆக்கிவிடுகிறார். கொஞ்சம் அதிகம்தான். நிஜக் கல்லூரியில் இத்தனை புகையும் சிலையும் இருந்தால் மாணவர்கள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

செத்துத் திரும்பியவர்கள் நால்வர். நால்வரையும் ஏதோ ஒன்று துரத்த ஆரம்பிக்கிறது. சிறுவயதில் நெல்சன் கல்லெறிந்ததில் மரத்திலிருந்து விழுந்து செத்துப்போன பில்லி மஹோனி என்ற பையன், தொப்பி வைத்த சிவப்புச் சட்டையோடு வந்து அவனைப் புரட்டி எடுக்கிறான். பள்ளியில் டேவிட் கூட்டம் சேர்த்துக்கொண்டு கேலி செய்த வின்னி ஹிக்ஸ் என்ற சிறுமி, ஓடும் ரயிலில் எதிரே உட்கார்ந்து அவனைத் திட்டுகிறாள். பெண்களோடு இருந்த நேரங்களை அவர்களுக்குத் தெரியாமல் வீடியோ எடுத்து வைத்திருந்த ஜோவுக்கு, அந்தப் பெண்கள் டிவிக்குள்ளிருந்து அவனுடைய வசனங்களையே திருப்பிச் சொல்கிறார்கள். ரேச்சலுக்கு அப்பா வருகிறார். அவள் குழந்தையாக இருந்தபோது தற்கொலை செய்துகொண்டவர்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புதைந்துபோன நினைவுகள் பற்றிய படம் என்றுதான் இதைச் சொல்வார்கள். ஆனால் நெல்சன் பில்லியை மறந்தவனே அல்ல. அந்தச் சாவுக்காக வீட்டைவிட்டு அனுப்பப்பட்டு வளர்ந்தவன் அவன். டேவிட்டுக்கும் வின்னியின் முகத்தைப் பார்த்த உடனே அடையாளம் தெரிகிறது. ஜோவின் வீடியோ கேசட்டுகள் அவன் வீட்டு அலமாரியிலேயே இருக்கின்றன. மூவருமே எதையும் மறக்கவில்லை. நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டவர்கள். மறதிக்கும் இந்தப் பழக்கத்துக்கும் உள்ள தூரத்தில்தான் படத்தின் பலமும் இருக்கிறது, அந்தக் காலத்து அமெரிக்காவின் ஒரு பெரிய பிசகும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது

முதலில் மருத்துவம். ஐசியூவில் வேலை பார்க்கும் நர்ஸ் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்த்தால், அரை மணி நேரத்தில் அவர் தலையில் அடித்துக்கொள்வார். ஈசிஜியில் கோடு நேராகிவிட்டால் டிஃபிப்ரிலேட்டர் பயன்படாது. இதயம் ஒழுங்கில்லாமல் படபடவென்று நடுங்கிக்கொண்டிருக்கும்போது அந்தக் குழப்பத்தை ஒரு கணம் நிறுத்தி, இதயம் தன் தாளத்தைத் தானே பிடித்துக்கொள்ள வழிவிடுவதுதான் ஷாக்கின் வேலை. மின்னோட்டமே அடங்கிப்போன இதயத்தில் நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது? அங்கே செய்ய வேண்டியது மார்பை அழுத்துவதும் அட்ரினலின் கொடுப்பதும், காரணத்தைத் தேடுவதும்தான். படத்தின் பெயரே நேர்கோட்டைக் குறிப்பது. அந்தக் கோட்டுக்குத்தான் படம் முழுக்க ஷாக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நம்மூர் சினிமாவும் இதே தவறை இன்றுவரை பக்தியோடு செய்துவருகிறது.

ஆனால் உடம்பைக் குளிரவைக்கும் யோசனை கப்சா அல்ல. ரத்த ஓட்டம் நின்றால் சில விநாடிகளில் நினைவு தப்பும்; நாலைந்து நிமிடங்களில் மூளைச் செல்கள் சேதமாகத் தொடங்கும். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தால் அந்தக் கெடு நீளும். படம் வந்த மறு ஆண்டே, 1991இல், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் உள்ள பேரோ நரம்பியல் நிலையத்தில் இதை நிஜமாகவே செய்தார்கள். பேம் ரெனால்ட்ஸ் என்ற பாடகிக்கு மூளையின் அடிப்பகுதி ரத்தக்குழாயில் பெரிய வீக்கம். அறுவை நிபுணர் ராபர்ட் ஸ்பெட்ஸ்லர் அவருடைய உடல் வெப்பத்தை 16 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறக்கி, இதயத்தை நிறுத்தி, தலையிலிருந்து ரத்தத்தை வடித்துவிட்டு வேலையை முடித்தார். கண்களை மூடி ஒட்டியிருந்தார்கள். காதுகளில் ஓயாமல் டிக் டிக் ஒலி எழுப்பும் கருவிகள். விழித்த பிறகு பேம், தன் மண்டையோட்டை அறுத்த ரம்பம் எப்படியிருந்தது என்றும் டாக்டர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்றும் சொன்னார்.

மரண விளிம்பு ஆராய்ச்சியில் இதைவிடப் புகழ்பெற்ற கேஸ் இல்லை. இதைவிடச் சண்டை மூட்டியதும் இல்லை. ரம்பமும் பேச்சும் வந்தது இதயத்தை நிறுத்துவதற்கு முன்பு. அப்போது அவர் மயக்க மருந்தில் இருந்தார், சாகவில்லை. மயக்கத்தின்போது அரைகுறையாகக் கேட்டதை மூளை படமாக்கிக்கொண்டது என்கிறது ஒரு தரப்பு. அந்த ஆழத்து மயக்கத்தில், அந்த ஒலிக்கு நடுவே, எப்படிக் கேட்கும் என்கிறது மறுதரப்பு. எனக்கு முதல் தரப்பின் வாதம்தான் வலுவாகத் தெரிகிறது.

அலமாரி மேல் வைத்த படம்

மரண விளிம்பு அனுபவங்களை முதலில் பொறுமையாகச் சேகரித்தவர் டாக்டர் அல்ல, நிலவியலாளர். சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹைம், ஆல்ப்ஸ் மலையில் தவறி விழுந்து பிழைத்தவர். விழுந்த அந்தச் சில நொடிகளில் தன் வாழ்க்கை முழுவதும் தூரத்து மேடையில் நடப்பது போலத் தெரிந்தது என்று எழுதினார். தன்னைப் போலவே விழுந்து பிழைத்த மலையேறிகளிடம் கேட்டுக் கேட்டு, 1892இல் அதையெல்லாம் வெளியிட்டார். 1975இல் ரேமண்ட் மூடி எழுதிய புத்தகம்தான் இதை வெகுஜனப் பேச்சாக்கியது. சுரங்கப் பாதை, ஒளி, இறந்த சொந்தக்காரர்கள், கண்முன் ஓடும் வாழ்க்கை என்ற பட்டியல் உலகுக்கு அறிமுகமானது அவரால். 'ஃபிளாட்லைனர்ஸ்' எடுத்தவர்களும் அந்தப் பட்டியலைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

படத்தில் செத்த நால்வருமே எதையாவது பார்க்கிறார்கள். நிஜத்தில் அப்படி இல்லை. டச்சு இதய நிபுணர் பிம் வான் லோமல் 2001இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில், 10 மருத்துவமனைகளில் இதயம் நின்று மீண்ட 344 பேரிடம் கேட்டார்கள். ஏதாவது ஞாபகம் இருந்தது 62 பேருக்கு, அதாவது 18 சதவீதம். மற்றவர்களுக்கு வெறும் இருட்டு. இருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. இருட்டாக இருந்தது என்ற நினைவும் இல்லை.

உடம்பைவிட்டு வெளியே வந்து மேலிருந்து பார்த்தேன் என்பவர்களைச் சோதிக்க டாக்டர் சாம் பார்னியா ஒரு குறும்பான வழி கண்டுபிடித்தார். மூன்று நாடுகளில் 15 மருத்துவமனைகளில், கூரையை ஒட்டி அலமாரிகள் அடித்து, மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரிகிற மாதிரி படங்களை வைத்தார்கள். 2,060 இதய நிறுத்தங்கள். பிழைத்தவர்கள் 330 பேர். பேட்டி காண முடிந்தது 140 பேரை. இறுதியில் ஒரே ஒருவர், தன்னை உயிர்ப்பித்தபோது நடந்ததைச் சரியாக விவரித்தார். அவர் இதயம் நின்ற அறையில் அலமாரி இல்லை! 2014இல் முடிவுகள் வந்தபோது இரண்டு தரப்பும் தாங்களே ஜெயித்ததாக அறிவித்துக்கொண்டன.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜிமோ போர்ஜிகின் காட்டியது சுவாரசியமானது. 2013இல் எலிகளின் இதயத்தை நிறுத்திப் பார்த்தார். அடுத்த 30 விநாடிகளுக்குள் அவற்றின் மூளையில், விழித்திருக்கும் நேரத்தைவிட ஒழுங்கான காமா அலைகள் பொங்கின. 2023இல் மனிதர்கள். வென்டிலேட்டர் எடுக்கப்பட்ட நான்கு நோயாளிகளின் பதிவுகளில் இருவருக்கு அதே பொங்கல். அணையப் போகிற மூளை சும்மா அணையவில்லை என்பது வரை தெரிகிறது. அந்த இருவரும் இறந்துவிட்டார்கள். அவர்கள் எதைப் பார்த்தார்கள், பார்த்தார்களா என்று கேட்க ஆளில்லை.

நம் பக்கத்துக் கதை வேறு. பெங்களூரு நிம்ஹான்ஸைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும் அமெரிக்காவின் இயன் ஸ்டீவன்சனும் 1986இல் இந்தியர்கள் 16 பேரின் அனுபவங்களை வெளியிட்டார்கள். அதைப் படிக்கும்போது சிரிப்பை அடக்க முடியாது. சுரங்கமும் ஒளியும் யாருக்கு வேண்டும்? எமதூதர்கள் வந்து இழுத்துப் போகிறார்கள். அங்கே ஒருவர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறார். ஆள் மாறிவிட்டது தெரிகிறது. அதே பெயருள்ள வேறொருவரைக் கூட்டிவந்திருக்க வேண்டும். தூதர்களுக்கு டோஸ் விழுகிறது, வந்தவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். தாலுகா ஆபீசில் நடப்பது அங்கேயும்.

ஆனால் சிரித்து முடித்த பிறகு ஒன்று உறைக்கிறது. ஹைம் மேடையில் பார்த்ததும் மூடியின் ஆட்கள் ஒளிக்கு முன்னால் பார்த்ததும் இங்கே சித்திரகுப்தனின் கணக்குப் புத்தகமாக இருக்கிறது. காஞ்சிபுரத்தில் அவருக்குக் கோயிலே கட்டிக் கும்பிடுகிறோம். வடிவம் ஊருக்கு ஊர் மாறுகிறது. கணக்குப் பார்ப்பது மாறவில்லை. மூளையின் கடைசி மின்பொங்கல் எல்லோருக்கும் பொது என்றே வைத்துக்கொண்டாலும், அதற்கு உருவம் கொடுப்பது அவரவர் சிறுவயதில் கேட்ட கதைதான். நெல்சன் மதத்தை ஒதுக்கியவன், கருவிகளை நம்பியவன். அவனும் பார்த்தது தன் கணக்கைத்தான்.

சாவைச் சோதனை செய்து பார்த்தவர்கள் என்று பேசும்போது, மதுரையில் 1896 ஜூலையில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே ஒரு வீட்டு மாடியில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 16 வயது வேங்கடராமனுக்கு, நோய் எதுவும் இல்லாதபோதே, இதோ சாகப் போகிறோம் என்ற பயம் பிடித்துக்கொண்டது. யாரையும் கூப்பிடவில்லை. பிணம் போலக் கையையும் காலையும் விறைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, உதட்டை இறுக்கி மூடிப் படுத்துவிட்டார். இந்த உடம்பு செத்தால் சாவது யார் என்று பார்த்தார். ஆறு வாரத்தில் திருவண்ணாமலை. பின்னாளில் ரமண மகரிஷி. இதயம் நிற்கவில்லை என்பதால் எந்த மருத்துவ ஆய்விலும் இது சேராது. நெல்சனுக்குத் தேவைப்பட்ட கூட்டமும் கடிகாரமும் அந்தப் பையனுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

குளியலறைக் கதவுக்குப் பின்னால்

இப்போது அந்தப் பிசகு. படத்தில் நிஜமாகவே புதைந்த நினைவு ஒருத்திக்குத்தான் இருக்கிறது: ரேச்சல். அப்பா வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர். குளியலறைக் கதவைத் திறந்து ஏதோ பார்த்துவிட்டாள். அவர் வெளியே ஓடிச் சுட்டுக்கொண்டார். உன்னால்தான் என்றாள் அம்மா. ரேச்சல் செத்துத் திரும்பிய பிறகு அந்தக் கதவு மறுபடி திறக்கிறது. அப்பா கையில் ஹெராயின் ஊசி. காரணம் தான் அல்ல என்று அவளுக்குப் புரிகிறது. அவர் மன்னிப்புக் கேட்கிறார். அழகான காட்சி. ஜூலியா ராபர்ட்ஸ் அதில் ஒரு வார்த்தைகூட மிகையாகப் பேசுவதில்லை.

உள்ளே எங்கோ ஒரு காட்சி கெடாமல் இருக்கிறது, தோண்டினால் உண்மை வெளிவரும், வந்தால் குணமாகும் என்ற நம்பிக்கைமேல் கட்டிய காட்சி அது. இதற்கு ஒரு வம்சாவளி உண்டு. ஃபிராய்டு தொடங்கியதை மாண்ட்ரியலின் மூளை அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டு மின்கம்பியோடு தொடர்ந்தார். வலிப்பு நோயாளிகளை விழித்த நிலையில் வைத்து மூளையின் பக்கவாட்டு மடலைத் தொட்டபோது, சிலர் பழைய பாட்டு கேட்கிறது, அம்மா கூப்பிடுகிறாள் என்றார்கள். மூளை எல்லாவற்றையும் டேப் போலப் பதிந்து வைத்திருக்கிறது என்ற எண்ணம் ஊன்றியது அங்கேதான். அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலர் என்பதும், சொன்னது நடந்ததா கனவா என்று பிரிக்க முடியவில்லை என்பதும் பொதுமக்கள் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை.

அதே 1990. படம் தியேட்டரில் ஓடிய சில மாதங்களிலேயே கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் ஃபிராங்க்ளின் என்பவர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. கொலை நடந்தது 1969இல். செத்தது எட்டு வயதுச் சிறுமி. சாட்சி ஃபிராங்க்ளினின் சொந்த மகள். 20 வருடம் மறந்திருந்த காட்சி தன் குழந்தையின் முகத்தைப் பார்த்தபோது திடீரென்று திரும்பியது என்றார். உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் எதிர்த்தரப்புக்காகச் சாட்சி சொன்னார்: நினைவு இப்படிப் பத்திரமாகக் கிடப்பதில்லை, அவர் சொன்ன விவரங்கள் அக்காலப் பத்திரிகைகளில் வந்தவை. ஜூரிகள் கேட்கவில்லை. 1995இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. மகள் சுமத்திய இன்னொரு கொலையில் அவர் சம்பந்தப்படவில்லை என்று டிஎன்ஏ சோதனை காட்டியது. 1996இல் வெளியே வந்தார். அதற்குள் அமெரிக்காவெங்கும் எத்தனையோ குடும்பங்கள் இதுபோன்ற 'மீண்ட நினைவு'களால் சிதறியிருந்தன.

லாஃப்டஸ் பிறகு செய்த சோதனை பாடப்புத்தகத்துக்குப் போய்விட்டது. 24 பேரிடம், சின்ன வயதில் கடைவளாகத்தில் நீங்கள் தொலைந்துபோனீர்கள் என்று நடக்காத ஒன்றை, வீட்டார் சொன்னதாகச் சொன்னார்கள். நாலில் ஒருவர் அதை நினைவுபடுத்திக்கொண்டார், முழுதாகவோ பாதியாகவோ. 2000இல் நரம்பியல் விஞ்ஞானி கரீம் நாடர் எலிகளிடம் காட்டியது இன்னும் அடித்தளத்தைத் தொடுவது: ஒரு நினைவை எடுக்கும்போதெல்லாம் அது இளகுகிறது, மறுபடி இறுக வேண்டும், இறுகுவதைத் தடுத்தால் அழிந்தே போகும். ஆக, நினைவைத் தோண்டி எடுப்பது என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புதிதாகச் செய்கிறோம்.

கொடுமை நடந்தவர்கள் அதை மறந்துவிடுவார்கள் என்பதும் பொதுவாகச் செல்லாது. போரிலும் விபத்திலும் தப்பியவர்களைக் கேட்டால் தெரியும். அவர்களுடைய தொல்லை மறக்க முடியாமல் இருப்பது. ரேச்சல் கதவுக்குப் பின்னால் கண்டது இருபது வருடம் காத்திருந்த உண்மையாக இருக்கலாம். பழியிலிருந்து விடுபடத் துடித்த மனம் ஆக்கிக்கொண்ட ஊசியாகவும் இருக்கலாம். சரிபார்க்க யாரும் இல்லை. படம் முதலாவதை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. 1990 அப்படிப்பட்ட காலம்.

அதனால்தான் படத்தில் எனக்கு ரேச்சல் காட்சியைவிட டேவிட்டின் காட்சி பெரிதாகத் தெரிகிறது. கெவின் பேகன் நடித்த டேவிட் நாத்திகன், ஐந்து பேரில் சுத்தமான டாக்டர் அவன்தான். அவன் விலாசம் கண்டுபிடித்து, காரை எடுத்துக்கொண்டு, வளர்ந்து குடும்பஸ்திரீயாகிவிட்ட வின்னியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். மன்னிப்புக் கேட்கிறான். அவள் முதலில் அதெல்லாம் பழைய கதை என்கிற மாதிரிதான் பேசுகிறாள். அப்புறம் நன்றி சொல்கிறாள். ஷாக் கிடையாது, பேய் கிடையாது, தோண்டி எடுத்த நினைவும் கிடையாது. இருவருக்குமே நடந்தது ஞாபகம் இருக்கிறது. இரண்டு பேரும் அதை ஒப்புக்கொள்கிறார்கள். நெல்சனுக்கு அந்த வழி இல்லை. பில்லி கல்லறையில் இருக்கிறான். ஆகவே அவன் தனியாக மறுபடி செத்துப் போய்த்தான் மன்னிப்பு வாங்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் படம் கொஞ்சம் சுலபமாக அவனை விட்டுவிடுகிறது என்பது என் குறை. ஒரு குழந்தையின் சாவுக்குக் கனவில் கிடைத்த மன்னிப்பு போதுமா?

2017இல் இதை மறுபடி எடுத்தார்கள். இயக்கம் நீல்ஸ் ஆர்டன் ஓப்லெவ். தயாரிப்பாளர் பட்டியலில் முதல் படத்தைப் போலவே மைக்கேல் டக்ளஸ். எலியட் பேஜ் நடித்த கோர்ட்னி, கார் ஓட்டும்போது போனைப் பார்த்துத் தங்கையைப் பறிகொடுத்தவள். அந்த ஒரு நொடியை அவள் மறக்கவே இல்லை. நல்ல தொடக்கம். ஆனால் செத்துத் திரும்பியதும் அவளுக்கு விட்டுப்போன பியானோ வருகிறது, பாட்டி சுடும் ரொட்டி வருகிறது, மனப்பாடம் செய்த பாடமெல்லாம் கொட்டுகிறது. சாவு ஒரு டியூஷன் சென்டராகிவிட்டது. பென்ஃபீல்டின் டேப்பை இவர்கள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிற்பாதியில் கதவு அறைகிறது, விளக்கு அணைகிறது, திடுக்கிட வைக்கும் சத்தம் வருகிறது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், தப்பே இல்லை.

கீஃபர் சதர்லேண்டும் அதில் இருக்கிறார், நரைத்த தலையோடு, கையில் தடியோடு, மாணவர்களை விரட்டும் பேராசிரியராக. பெயர் பாரி வூல்ஃப்சன். நெல்சனையே அந்த வார்டில் நிறுத்தியிருக்கலாம். பில்லியின் சாவை 27 வருடம் கூடவே வைத்துக்கொண்டு டாக்டராக வேலை பார்த்தவன் அந்த மாணவர்களிடம் பேசுவதற்கு ஏதாவது வைத்திருந்திருப்பான். வேறு பெயர் கொடுத்து, நாலு வரி வசனம் கொடுத்து, அனுப்பிவிட்டார்கள்.